இஸ்பிஸ்டர் வீட்டு நிலவறைக்குக் கடல் வந்தது

எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயலும், நடுவே சேற்று நிறத்தில் வடக்கு நோக்கி ஓடும் ஓர் ஆறும் தவிர வேறொன்றும் இல்லாத லோயர் பென்ட் என்ற கனடியச் சிற்றூரில், இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், ரோமத்தோல் வியாபாரி மர்டோ இஸ்பிஸ்டருடைய வீட்டு நிலவறைக்குள் கடல் வந்தது.

உருளைக்கிழங்கு எடுக்க இறங்கிய மருமகள் சுகிர்தாதான் அதை முதலில் கண்டாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் கணுக்கால் வரை நனைந்தது. குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குள் மணம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறையில் மீன்பிடிகாரர் வீட்டில் பிறந்து, யுத்தத்தில் அந்தக் கரையை இராணுவத்தின் கம்பிவேலிக்குள் விட்டுவிட்டு ஓடி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கனடாவின் நடுவயிற்றில் வந்து நின்றவள் அவள்; எதை மறந்தாலும் அந்த மணத்தை அவளுடைய மூக்கு மறந்திருக்கவில்லை. குனிந்து ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு. ஊறுகாய்ப் போத்தல்கள் அடுக்கிய தட்டின் காலடியில் ஒரு சின்ன நண்டு, வழி கேட்க வந்ததுபோல நின்று அவளைப் பார்த்தது.

மேலே மர்டோ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கீழ கடல் வந்து நிக்குது."

"எவ்வளவு?"

"கணுக்கால் அளவு."

"தோலெல்லாம் மேல்தட்டிலதானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப பறவாயில்லை," என்று சொல்லி மர்டோ கஞ்சியை முடித்தார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டதில், அந்தக் குடும்பத்தார் பேசும் ஆங்கிலம் சுகிர்தாவின் காதில் மயிலிட்டித் தமிழாகவே விழத் தொடங்கியிருந்தது. ஆகவே இங்கேயும் அவளுக்குக் கேட்டபடியே சொல்லப்படுகிறது.

மத்தியானத்துக்குள் கடல் வற்றி, ஈர மணலையும் பாசியையும் விட்டுவிட்டுப் போனது. பின்னேரம் திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படியே வந்தது, அதற்கடுத்த நாளும். குழாய் திருத்துபவர் வந்து நெடுநேரம் பார்த்து, குழாய்க்குள்ளால் வரும் தண்ணீருக்குத்தான் தான் பொறுப்பு என்றும், தானாக வரும் தண்ணீரோடு தனக்கு எந்தக் கதையும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். காப்புறுதிக்காரர், ஆற்று வெள்ளத்துக்கும் மழை வெள்ளத்துக்கும் காப்புறுதி உண்டு, கடலுக்கு இல்லை, இந்தப் பக்கத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். பாதிரியார் கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, ஞானஸ்நானம் கொடுக்கத் தோதான இடம், ஆனால் குளிர் அதிகம், கோடை வரட்டும் என்றார். முழங்கால் வலிக்காரியான பக்கத்து வீட்டு எட்னா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, கடலுக்குள் காலை விட்டபடி பின்னல் ஊசியோடு உட்கார்ந்தாள். நாலைந்து நாளில் அவள் படி ஏறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள முழங்கால்கள் எல்லாம் இஸ்பிஸ்டர் வீட்டுக்கு வரத் தொடங்கின. பள்ளிக்கூட ஆசிரியை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து இதுதான் கடல் என்று காட்டினாள். பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருத்தி, இவ்வளவுதானா என்று கேட்டாள். ஆசிரியை, மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது என்றாள்.

ஊர்ப் பத்திரிகை முதல் வாரம் கடலை முன்பக்கத்தில் போட்டது, இரண்டாம் வாரம் ஐஸ் ஹொக்கி முடிவுகளுக்குக் கீழே போட்டது, மூன்றாம் வாரம் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிட்டது. ஆனால் எட்னாவின் கிணறு உப்புக் கரித்தது, தெருவோர எல்ம் மரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. ஆகவே நகரசபை கூடி, நிலம் உறைவதற்கு முன் இஸ்பிஸ்டர் வீட்டு நிலவறையைச் சீமெந்து போட்டு நிரப்பிவிடுவது என்று முடிவெடுத்து, மர்டோவின் சம்மதத்தைக் கேட்டு ஆளனுப்பியது.

மர்டோ சம்மதிக்கவில்லை. கடல் தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறது என்று அதற்குள் அவர் முடிவுசெய்திருந்தார்.

இஸ்பிஸ்டர் குடும்பம் ஐந்து தலைமுறையாகப் பீவர் என்ற, மரம் கடிக்கும் ஆற்று விலங்கின் தோலை வாங்கி விற்ற குடும்பம். அந்தக் குடும்பத்தை இந்த மண்ணில் தொடக்கிவைத்தவர் வில்லியம் இஸ்பிஸ்டர் என்றும், அவர் ஸ்கொட்லாந்தில் ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் இளைய மகன் என்றும், சாகசத்துக்காக மட்டுமே ரோமத்தோல் கம்பனியின் கப்பலில் ஏறியவர் என்றும் மர்டோவுக்கு அவருடைய தகப்பன் சொல்லியிருந்தார், அவருக்கு அவருடைய தகப்பன் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு கோட்டையின் படம் தொங்கியது. அது எந்தக் கோட்டை என்பது தெரியாது, நாட்காட்டியிலிருந்து வெட்டியது. கடைசி இருபது வருடங்களாக மர்டோ அந்தக் கோட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். வரலாற்றுச் சங்கக் கூட்டங்களுக்குப் போனார், ஸ்கொட்லாந்துக்காரர் யாரைக் கண்டாலும் மறித்துக் கேட்டார், இஸ்பிஸ்டர் வம்சத்தை மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கக்கூடியவராக இருந்தார். இப்போது கடலே வந்துவிட்டது. தினமும் கடல் பெருகும் நேரம் பார்த்து, ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கம்பளிக் கில்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலவறைப் படியில் போய் உட்கார்ந்தார். சுகிர்தா அதைச் சாரம் என்றுதான் சொல்வாள்.

"மாமா, சாரத்தின்ரை கரை நனையுது."

"நனையட்டும். சொந்தத் தண்ணி."

சுகிர்தா கடல் வற்றுகிற நேரத்தில்தான் போய் உட்காருவாள். அவளுடைய கணவன் கொலின், மர்டோவின் ஒரே மகன், மூன்று வருடங்களுக்கு முன், பனி இளகத் தொடங்கிய ஒரு மத்தியானம், உறைந்த ஆற்றின் மேல் பனிவண்டியில் போனவன், திரும்பி வரவில்லை. பனிக்கட்டி உடைந்த இடத்தில் சுழியோடிகள் இறங்கி வண்டியைத் தூக்கினார்கள். கொலின் அதில் இல்லை. ஆற்றின் கீழ்ப்புறம் ஏரி வரைக்கும் தேடினார்கள், அங்கும் இல்லை. தேவாலயத்தில் அவனுக்காகப் பூசை வைத்தபோது சுகிர்தா போகவில்லை. அவளுடைய ஊரில் புருசன்மார் காணாமல் போன பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பொட்டை அழிப்பதில்லை, ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவளும் அழிக்கவில்லை. கனடாவின் கிழக்கே ஸ்காபரோவில் இருந்த தமையன் கதிர்காமராசன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்து, "அந்தக் கிழவனோட தனிய அங்க என்ன செய்யிறாய், வெளிக்கிட்டு இஞ்ச வா," என்பார். "அவர் வந்தால் வீட்டில ஆள் இருக்க வேணும் அண்ணை," என்று அவள் சொல்லுவாள். அதற்குப் பிறகு இருவரும் காலநிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

அவள் செய்த தொழில் ஊறுகாய். காட்டு அப்பிளையும் புளிப்புப் பழங்களையும் மிளகாய்த்தூளில் ஊறவைத்து, "சுகி ஊறுகாய்" என்று பெயரும் தொலைபேசி இலக்கமும் அச்சடித்த தாளை ஒட்டி, சனிக்கிழமைச் சந்தையில் விற்றாள். கடல் வந்து ஒரு மாதமிருக்கும். உப்பில் உக்கிய தட்டு ஒன்று சரிந்து, அதிலிருந்த போத்தல்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்து, வற்றுகிற கடலோடு போய்விட்டன. எங்கே போயின என்று தேட ஒரு வழியும் இல்லை, ஏனென்றால் கடல் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகல் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், சொற்களை அலையில் ஏற்றி இறக்குவதுபோலப் பேசியது.

"இது சுகி ஊறுகாய்க்காரரின்ரை வீடோ?"

"ஓம்."

"உங்கட போத்தில் ஒண்டு எங்கட நிலவறைக்கு வந்து சேர்ந்தது. திறந்து சாப்பிட்டம். என்ரை தம்பி மேக்னஸ் இன்னும் வாயை மூடாமல் வாசலில காத்துக்கு நிக்கிறான்."

"மூடி இறுக்கமா இருந்ததோ? உப்புத்தண்ணி உள்ள போகேல்லையே?"

"இல்லை. உறைப்பு மட்டும்தான்."

"எங்கயிருந்து கதைக்கிறியள்?"

"ஓர்க்னி. ஸ்கொட்லாந்துக்கு மேல, கடலுக்க கிடக்கிற தீவு. ஸ்ட்ராம்னஸ் எண்டு ஒரு துறை. என்ரை பேர் இங்கா."

"உங்கட கடல் எங்கட வீட்டிலதான் வந்து நிக்குது," என்றாள் சுகிர்தா.

"ஓ, அங்கயா போகுது!" என்று அந்தப் பெண் ஆறுதலாக மூச்சு விட்டாள். "ஆறு இஞ்ச வருகுதெண்டால் கடல் எங்கயோ போகத்தானே வேணும் எண்டு நானும் மேக்னஸும் கதைச்சனாங்கள்."

"ஆறோ?"

"எங்கட நிலவறைக்கு மூண்டு வருசமா ஒரு ஆறு வந்து போகுது. நல்ல தண்ணி, சேத்து நிறம். பீவர் கடிச்ச தடியெல்லாம் மிதந்து வரும். தடியை நாங்கள் அடுப்பெரிக்க எடுக்கிறனாங்கள், கோபிக்காதையுங்கோ." பிறகு கேட்டாள்: "உங்கட குடும்பப் பேர் என்ன?"

"இஸ்பிஸ்டர்."

மறுபக்கத்தில் அவள் தம்பியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வில்லியத்தின்ரை ஆக்களோ?"

"ஓம். மாமாவின்ரை வம்சத்தில முதல் ஆள். கோட்டை வைச்சிருந்த பிரபுவின்ரை மகன்."

"கோட்டையோ?" என்றாள் இங்கா. "படகு வலிச்சவன் பிள்ளை. துடுப்புக்காரன். கலியாணம் கட்டி, பெண்சாதி ஜேன் வயித்தில பிள்ளையோட நிக்க, ஐஞ்சு வருசத்தில வாறன் எண்டு இந்தத் துறையிலதான் கம்பனிக் கப்பல் ஏறினவன். வரேல்லை. அங்க ஒரு இந்தியப் பொம்பிளையோட இருந்திட்டான் எண்டு பிறகு வந்த மாலுமியள் சொன்னவை. ஜேன் பெத்த பிள்ளையின்ரை வழிதான் நாங்கள். எங்கட வீட்டில அவன்ரை பேரைச் சொல்லாமல் ஒரு பண்டிகை முடியிறதில்லை, அவனை வையாமல் ஒரு செத்தவீடு முடியிறதில்லை."

"மாமாவுக்கு இதைச் சொல்லக் கஸ்டம்," என்றாள் சுகிர்தா.

"இப்ப கோவம் ஆறியிட்டுது. அவர்தான் வந்திட்டாரே."

"ஆர்?"

"வில்லியம். ஆறு முதல்முதல் வந்த அண்டைக்கே, தண்ணியோட நிலவறைக்கு வந்து சேர்ந்தார். உயிர் இல்லை. ஆனா வந்து சேர்ந்தார். சிவத்தத் தாடி, எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி இடக்கைச் சின்னவிரல் வளைஞ்சு இருந்தது. பீவர் தோல் தொப்பி வேறை. பிறகென்ன? ஊர்க் காவலர் வந்து குடும்பத்தார் அடையாளம் காட்டிச்சினமோ எண்டு கேட்டார், காட்டினம். வயசு கேட்டார், இருநூறுக்கு மேல எண்டம். உடம்பை நல்லா வைச்சிருந்திருக்கிறார் எண்டிட்டுப் போயிட்டார். ஜேனுக்குப் பக்கத்தில புதைச்சம். ஊரே வந்தது."

சுகிர்தா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். கீழே கடல் பெருகத் தொடங்கி, எட்னாவும் மற்றவர்களும் கதிரைகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தொப்பிக்கு உள்பக்கம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"உள்பக்கம் துணி வைச்சுத் தைச்சிருந்தது. நீலத்தில வெள்ளைப் பூ. நல்ல மெல்லிசான பருத்தி. அந்தக் காலத்தில அப்பிடி ஒரு துணி எங்கயிருந்து எடுத்தாரோ எண்டு நாங்கள்..."

"அது என்ரை சீலை," என்றாள் சுகிர்தா.

அதற்குப் பிறகு இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. ஒரு பக்கம் கடலின் சத்தமும் மறுபக்கம் ஆற்றின் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

மர்டோ தோற்கடையிலிருந்து சாப்பிட வந்தபோது அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"படகு வலிச்சவனோ?" என்றுதான் முதலில் கேட்டார், ஏனென்றால் இரண்டில் அதுதான் வாயால் கேட்கக்கூடியதாக இருந்தது.

"ஓம் மாமா."

"கோட்டை இல்லையோ?"

"இல்லையாம்."

அவர் எழுந்து கோட்டைப் படத்தைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவைத்தார். பிறகு திரும்பவும் வந்து உட்கார்ந்து, மேசையில் இரண்டு கைகளையும் விரித்துவைத்து, வளைந்திருந்த தன் இடக்கைச் சின்னவிரலைப் பார்த்தார். "கொலினின்ரை தொப்பியை நான்தான் வெட்டினனான்," என்றார். "உள்ளுக்கு நீதானே தைச்சனி." அப்படிச் சொன்னபோதுதான் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சுகிர்தா அவருக்குப் பின்னால் போய் நின்று, கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, இனி எதைக் கேட்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் மர்டோ தானே தொலைபேசி எடுத்தார். "அது என்ரை மகன். எடுத்துக்கொண்டு போக வாறன்," என்றார்.

"வாங்கோ," என்றாள் இங்கா. "ஆனா ஒண்டு. நீங்கள் மூண்டு வருசம் வழி பார்த்துக்கொண்டிருந்தியள். நாங்கள் எவ்வளவு காலம் பார்த்தம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"பார்த்தது வேறை ஆளை."

"வந்தது இவர்தானே," என்றாள் இங்கா.

அவர்கள் விமானத்தில் போனார்கள். நிலவறை வழியாகப் போனால் கிட்ட என்று எட்னா சொன்னாள். மர்டோவுக்கு நீச்சல் தெரியாது. இரண்டு விமானம் மாறி, கடைசித் துண்டுக் கடலை ஒரு கப்பலில் கடந்து, மரமே இல்லாத பச்சைத் தீவில், கல்வீடுகள் தண்ணீருக்குள் இறங்கி நின்ற அந்தத் துறையில் போய் இறங்கினார்கள். கூட்டிப்போக மேக்னஸ் வந்திருந்தான். அவனைக் கண்டதும் சுகிர்தா பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்: கொலின் இன்னும் பதினைந்து வருடம் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பானோ அப்படி இருந்தான். "ஊறுகாய் நல்லா இருந்தது," என்று மேக்னஸ் வெட்கத்தோடு பொய் சொன்னான்.

இங்காவின் வீட்டில் குடும்பம் முழுக்கக் கூடியிருந்தது. கிணறு தோண்டுபவர், படகு செலுத்துபவர், பால்மாட்டுக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்யும் இரட்டைச் சகோதரிகள் என்று எல்லோரும் தேவாலய உடுப்போடு சுவரோரமாக நின்றார்கள். நடுவே ஒரு கதிரை. மர்டோ அதில் உட்காரப் போனார். இங்கா அவரை மெதுவாக விலக்கிவிட்டுச் சுகிர்தாவை இருத்தினாள். எல்லோரும் சுகிர்தாவையே பார்த்தார்கள்.

"இவதானோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இந்தியப் பொம்பிளை எண்டுதானே எங்கட ஆக்கள் சொன்னவை," என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

"நான் யாழ்ப்பாணம்," என்றாள் சுகிர்தா.

"அது பறவாயில்லை," என்றார்கள்.

மர்டோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார்: அந்தப் பெண் வேறு, இவள் வேறு, அது இருநூறு வருடத்துக்கு முந்திய கதை, அவள் வடக்கே, வெள்ளைக்காரர் இந்தியர் என்று அழைத்த கிறீ பூர்வகுடி இனத்தவள், இவள் என் மகனின் மனைவி. சுகிர்தா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இத்தனை பேர் இத்தனை காலம் ஒருத்தியைக் கேட்பதற்கென்று ஒரு கேள்வியைப் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வைத்திருந்து, கடைசியில் அதைக் கேட்க ஒரு முகமும் கிடைத்திருக்கிறது. இந்த முகம் இல்லை என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கேட்க ஆளில்லாத கேள்வி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் வைதார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஆளுக்கொரு வசனம்தான், மரியாதையாகவே வைதார்கள். பிள்ளை பிறந்ததைச் சொல்லியனுப்பியும் அவரை ஏன் ஊருக்கு விடவில்லை என்று கேட்டார்கள். ஜேன் மற்றவர்களின் உடுப்புத் தோய்த்துத் தோய்த்தே கை வெடித்துச் செத்தாள் என்றார்கள். சுகிர்தா தலையைக் குனிந்து கேட்டாள். எல்லோரும் முடித்த பிறகு இங்கா முன்னுக்கு வந்து, கதிரைக்கு எதிரே முழங்காலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அங்க அவர் சந்தோசமா இருந்தவரோ?"

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள், ஏனென்றால் பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"இருந்தவர்," என்றாள். "நல்லாச் சாப்பிடுவார். மீன் எண்டால் முள்ளைக்கூட விடமாட்டார். குளிர் காலத்தில கால் விறைக்குது எண்டு சொல்லி, என்ரை காலுக்கு மேல தன்ரை காலைக் கொண்டுவந்து போடுவார். நான் கத்துவன். எடுக்கமாட்டார்."

யாரோ ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

"எங்களை எப்பவாவது நினைச்சவரோ?"

"சிலநேரம் ஆத்தங்கரையில போய் நிண்டு, தண்ணி போற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிப்பார். கூப்பிட்டாலும் கேக்காது. என்ன யோசிக்கிறியள் எண்டு கேட்டால், ஒண்டுமில்லை எண்டுவார்."

இரட்டைச் சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இங்கா எழுந்தாள், முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "அப்ப சரி," என்றாள். "எல்லாரும் சாப்பிட வாங்கோ." அவ்வளவுதான். அந்த வீட்டில் இருநூறு வருடமாக இருந்த கோபம் அத்தோடு முடிந்தது. ஆட்டிறைச்சியும் பார்லி ரொட்டியும் பரிமாறினார்கள்.

சுகிர்தாவுக்கு முதல் கவளம் இறங்கவில்லை. கொலினுடைய காலின் குளிரைப் பற்றி அவள் மூன்று வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. எழுந்து பின்கதவைத் திறந்து, ஆட்டுப்பட்டியின் கல்மதிலோடு சாய்ந்து நின்று, ஆடுகள் விலகிப் போகிற அளவுக்குச் சத்தமாக அழுதாள். யாரும் அவளைத் தேடி வரவில்லை. அழட்டும் என்று இங்கா எல்லோரையும் மேசையில் மறித்து வைத்திருந்தாள்.

மயானம் கடலைப் பார்த்த சரிவில் இருந்தது. கல்லில் "வில்லியம் இஸ்பிஸ்டர், வந்து சேர்ந்தார்" என்று வெட்டியிருந்தது. மர்டோ அதை வாசித்தார், கல்லைச் சுற்றி நடந்தார், திரும்பவும் வாசித்தார்.

"கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ," என்றாள் இங்கா. "இந்த ஊரை விட்டு ஒருக்காப் போனவர்தானே. எங்களுக்குப் பழக்கம்."

மர்டோ சுகிர்தாவைப் பார்த்தார். "நீ சொல்லு."

"இனி அலைய வேண்டாம் மாமா," என்றாள் அவள். "இருக்கட்டும். பேரை மட்டும் போடுவம்."

கல்வெட்டுகிறவர், ஒரு குழியில் ஒருவர்தான் இருக்கிறார், இரண்டு பேர் போட்டால் கணக்கு உதைக்கும் என்றார். உதைக்கட்டும், வெட்டு என்றார் மர்டோ. வில்லியத்தின் பெயருக்குக் கீழே கொலினின் பெயரும் வந்தது.

அன்று பின்னேரம் கதிர்காமராசன் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெகுநேரம் செருமினார். "அப்ப கொலினுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்து போடு. கடல் பக்கத்திலதானே இருக்கு. தகப்பன் செய்யலாம். ஐயர் இல்லாட்டிப் பறவாயில்லை. எள்ளையும் மாவையும் உருண்டையாப் பிடிச்சு, தண்ணிக்குள்ள நிண்டு மூண்டு தலைமுறையின்ரை பேரைச் சொல்லி ஒவ்வொண்டா விட வேணும். ஆம்பிளைப் பக்கமும் சொல்ல வேணும், பொம்பிளைப் பக்கமும் சொல்ல வேணும்."

எள் ரொட்டிக் கடையில் கிடைத்தது. அரிசிமாவு கிடைக்கவில்லை, பார்லி மாவைப் பிசைந்தார்கள். காலையில், கடல் பெருகி வருகிற நேரம், மர்டோ காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அந்தக் கடலுக்குள் ஒருவரும் தனியே இறங்கக் கூடாது என்று மேக்னஸ் ஒரு பக்கமும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி சுகிர்தா மறுபக்கமும் இறங்கினார்கள். கரையில் இங்கா துவாய்களோடு நின்றாள், குடும்பமும் நின்றது. தண்ணீர் எலும்பைத் தொட்டது.

பேர் சொல்லுகிற வேலை மர்டோவுக்குக் கைவந்த வேலை. தகப்பன் டங்கன், டங்கனின் தகப்பன் ஜோர்ஜ், ஜோர்ஜின் தகப்பன் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லி, ஒவ்வொரு உருண்டையாக விட்டார். கதிர்காமராசன் கேட்டது மூன்று தலைமுறை. மர்டோ நிற்காமல் ஏறிப் போய், துடுப்புக்காரன் வில்லியத்திடம் போய்ச் சேர்ந்து, அந்தப் பேரை எல்லாவற்றையும் விடப் பலமாகச் சொன்னார். கரையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"இனிப் பொம்பிளையள்," என்றாள் சுகிர்தா.

தாய் எஸ்தர். அவளுக்கு மாமியார் நான்சி. நான்சிக்கு மாமியார் ஹரியட். சொல்லிக்கொண்டே ஏறினார். ஜேனுடைய பேரை இங்கா கரையிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தாள், அதையும் சொன்னார். பிறகு அந்த மற்றவள். கனடாவில் வில்லியத்தோடு இருந்து, மர்டோவின் வம்சத்தையே பெற்றவள். மர்டோ வாயைத் திறந்தார். உருண்டை கையில் இருந்தது. தண்ணீர் அவருடைய இடுப்புக்கு வந்தது.

"மாமா, பேர்," என்றாள் சுகிர்தா.

"தெரியாது," என்றார் மர்டோ.

இருபது வருடம் ஒரு கோட்டையைத் தேடியவர், அதற்கு எத்தனை யன்னல் இருக்கும் என்றுகூட யோசித்துவைத்தவர், தான் இதை ஒருமுறைகூட ஒருவரிடமும் கேட்டதில்லை என்பதை, கழுத்து நரம்பு விறைக்கும் அந்தக் குளிருக்குள் நின்றுதான் கண்டுபிடித்தார். கரையைப் பார்த்தார். இங்கா தலையை ஆட்டினாள். "இருநூறு வருசமா வைதம்," என்றாள், "பேர் என்னெண்டு எங்களுக்கும் கேக்கத் தோன்றேல்லை."

"பேர் தெரியாதவைக்கும் விடலாம் மாமா, அப்பிடி இருக்கு," என்றாள் சுகிர்தா. "விடுங்கோ. உங்களுக்கு உதடு நீலமாப் போச்சு."

"இல்லை," என்றார் மர்டோ. அந்த உருண்டையை மட்டும் விடாமல், விரல்களை மூடிக்கொண்டு கரையேறினார். துவாயால் போர்த்திய பிறகும் கையைத் திறக்கவில்லை. அதை ஒரு ரொட்டித் தாளில் சுற்றித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே இரண்டு நிலவறைகளும் வற்றின. இங்கா தன்னுடையதைக் கழுவி உப்பிட்ட இறைச்சியைத் தொங்கவிட்டாள். லோயர் பென்டில் கடல் போன பிறகு மணலும் சில சிப்பிகளும் கிடந்தன; நகரசபை அதைத் தன்னுடைய தீர்மானத்தின் வெற்றி என்று அறிவித்தது, எட்னாவும் முழங்கால்காரர்களும் கடலைத் திருப்பித் தரும்படி கேட்டு நகரசபை வாசலில் கதிரைகளோடு உட்கார்ந்தார்கள்.

மர்டோவும் சுகிர்தாவும் திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் பெட்டிகளை வைத்தார்கள். சுகிர்தா தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். மர்டோ கோட்டைக் கழற்றவில்லை.

"சுகி, அடுப்பை நிப்பாட்டு. வெளிக்கிடு."

"இப்பத்தானே மாமா வந்தனாங்கள். எங்க?"

"வடக்க. கிறீ ஆக்களின்ரை ஊருகளுக்கு. எங்கட ஆக்கள் தோல் வாங்கின ஊருகள். ஆருக்காவது அவளின்ரை பேர் தெரிஞ்சிருக்கும்."

"தெரியாட்டி?"

"அடுத்த ஊர்."

பனி விழத் தொடங்கியிருந்தது. சுகிர்தா அடுப்பை அணைத்தாள், வழிக்குச் சாப்பிட ஏதாவது வேண்டுமே என்று ரொட்டியையும் மீன்பொரியலையும் கட்டினாள், அவருடைய கண் மங்கல் என்பதால் கார்ச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.